மூன்று மூட்டை வீட்டு மண்

சாம்பியன் ரீப்ஸ்
9 ஜூன் 2024, ஞாயிறு

எனக்கு மட்டும் சிஸ்டராக இருந்து, இப்போது ஊருக்கே சிஸ்டராகப் போகிற ஜெசி அக்காவுக்கு,

இயேசுவுக்கே புகழ். (இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று டாடி பக்கத்தில் நின்று சொன்னார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். இனி நம் இஷ்டம்.)

நீ போய் ஒன்பது நாள் ஆகிறது. சயனைடு மேட்டின் மேல் ஏறி நின்றால் உங்கள் மடத்துப் புங்கமரங்கள் தெரிகின்றன. தங்கச் சுரங்கம் அந்தக் காலத்தில் அரைத்துத் துப்பிய அந்த ஒரு கழிவு மேடுதான் நமக்கு நடுவில். நடந்தால் முக்கால் மணி நேரம். ஆனால் பயிற்சி வருஷம் முடியும்வரை வீட்டார் வரக்கூடாது, போன் கூடாது, கடிதம் மட்டும், அதுவும் உன் பக்கமிருந்து மாதம் ஒன்றுக்கு மேல் கிடையாது. ஆகவே இந்தக் கடிதம் பங்காருபேட்டை போய், ஊரெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, நாலு நாள் கழித்து மேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து இறங்கும். என்னைவிட என் கடிதத்துக்கு அதிக ஊர் தெரிந்துவிடும் போலிருக்கிறது.

எட்மண்ட் மாமா மூட்டைகளை ஒழுங்காக இறக்கினாரா? ஆட்டோவில் ஏற்றும்போதே, "இன்னாம்மா, மண்ணா இல்ல ஈயமா? இம்மாங் கனம் கீது!" என்று முனகினார். "எங்க வூட்டுப் பாசம் மாமா, கனமாத்தான் இருக்கும்" என்றேன். சேலை, போர்வை, தட்டு கேட்டால் புரிகிறது. சேர வருகிற ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டு மண்ணில் மூன்று மூட்டை கொண்டுவந்து தனக்கென்று ஒரு பாத்தி போடவேண்டும் என்ற வழக்கத்தை உங்கள் மடத்தில் யார் கண்டுபிடித்தது?

நம் லைன் வீட்டு வரிசையில் விசேஷம்: செவ்வாய்க்கிழமை, தண்ணீர் லாரி வருகிறது என்று தெருமுனையிலிருந்து கத்தினேன். இருபத்திரண்டு குடங்கள் வரிசையில் நின்றன. காத்தவராயன் தாத்தா லுங்கியோடு சோப்பு நுரையோடு ஓடி வந்தார். லாரி வரவில்லை. நான் வீட்டுக்குள் ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, "சனியனே, மாட்டிக்கப் போற" என்று சொல்ல நீ இல்லை. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

உன் ஒரே ஒரிஜினல் தங்கை,
ஷெரின்

பி.கு.: இதைப் பிரித்துப் படிக்கும் மதர் அவர்களுக்கு: வணக்கம். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தவும்.

*

சந்திப்பு மாதா மடம்
30 ஜூன் 2024, ஞாயிறு

என் வாலு ஷெரினுக்கு,

மரியே வாழ்க. இங்கே யாரும் யாருடைய கடிதத்தையும் பிரிப்பதில்லை. உன் வணக்கத்தை மதர் கிளமென்ஷியாவிடம் நானே சொன்னேன். "அந்தப் பொண்ணு கிட்ட பிழை இருக்கான்னு நான் ஏன் பாக்கணும், அவளே ஒரு பிழைதானே" என்றார். உனக்கு ஏற்ற ஆள்.

இங்கே நாங்கள் நான்கு பேர். காலையில் ஜெபம், பிறகு மாட்டுக்கொட்டில். சாணம் எரிவாயுத் தொட்டிக்குப் போகிறது, அதில்தான் சமையல். பாத்திரம் கழுவிய தண்ணீர் கல்வாழைப் பாத்தி வழியாக வடிந்து வாழைக்குப் போகிறது. குளிக்க ஒரு வாளி, அதற்கு மேல் இல்லை. வெளியே போய்வந்தால் வாசலில் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். மேட்டுத் தூசி ஒரு துளிகூட நிலத்தில் படக்கூடாது. சிஸ்டர்கள் வந்தபோது இந்த நாலு ஏக்கரும் பாறையும் தூசியுமாக இருந்ததாம். இருபது வருஷமாகக் காற்றுக்குத் தடுப்பாக மரம் நட்டு, இலை மக்க வைத்து, ஒவ்வொரு சாணாகத் தேற்றியிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் எந்த மண்ணையும் எருவையும் சோதித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார்கள். வீட்டு மண்ணை மட்டும் சோதிப்பதில்லை. "அதைச் சோதிச்சா, பெத்தவங்களையே சந்தேகப்பட்ட மாதிரி" என்கிறார் மதர்.

என் பாத்தி தென்மூலையில். பக்கத்துப் பாத்தி என்னோடு சேர்ந்த மமதாவுடையது, ஹாசன் பக்கத்துக் கறுப்பு மண். நான் வெண்டையும் கீரையும் போட்டிருக்கிறேன். மம்மி சாகும்வரை பார்த்துக்கொண்ட மண் ஆயிற்றே, சும்மா இருக்குமா.

டாடி மாத்திரை போடுகிறாரா? நீ சாப்பிடுகிறாயா?

அன்புள்ள அக்கா,
ஜெசிந்தா

*

சாம்பியன் ரீப்ஸ்
14 ஜூலை 2024

மக்கு அக்காவுக்கு,

உன்னை எத்தனை தடவை மக்கு என்று கூப்பிட்டிருக்கிறேன்! இப்போது மக்குவதையே ஒரு படிப்பாகப் படிக்கப் போயிருக்கிறாய். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று எங்கள் காலேஜில் இரண்டு தொட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டின் மூடிகளையும் மாற்றி வைத்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் வருத்தம். மாட்டிக்கொள்ளாத குறும்பு உப்பில்லாத கூழ்.

டாடி ஐந்தரை ரயிலுக்குப் போகிறார், ஒன்பதுக்கு மேல் திரும்புகிறார். பெங்களூரில் எட்டு மணி நேரம் ஒரு கேட்டைத் திறந்து மூடுகிறார், ரயிலில் ஐந்து மணி நேரம் நிற்கிறார். வீட்டுக்கு வந்து, "இன்னா, லெட்டர் வந்துச்சா?" என்பார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. நான் இரண்டு பேருக்குச் சோறு வடித்து, ஒரு ஆளாகச் சாப்பிடுகிறேன். பக்கத்து வீட்டுத் தென்றல் சில நாள் வந்து உட்காருவாள். அவளை அவள் அம்மா கூப்பிடுவாள், எழுந்து போய்விடுவாள். கூப்பிட ஆள் இருக்கிறவர்கள் எவ்வளவு சீக்கிரம் எழுந்து போகிறார்கள் தெரியுமா?

ஆடிக் காற்று ஆரம்பித்துவிட்டது. மேடே பறந்துவந்து நம் அலமாரியில் உட்காருகிறது.

வெண்டை முளைத்ததா? முளைக்காவிட்டால் கவலைப்படாதே. முளைக்காதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? சும்மா கேட்டேன்.

ஷெரின்

*

சந்திப்பு மாதா மடம்
29 செப்டம்பர் 2024

ஷெரின் கண்ணு,

போன மாதம் சுருக்கமாக எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். சொல்ல நல்ல செய்தி இல்லாமல் இருந்தது.

என் பாத்தியில் ஒன்றும் வரவில்லை. வெண்டை இரண்டு இலை விட்டுக் கருகியது. கீரை முளைக்கவே இல்லை. மூன்று தடவை விதைத்தேன். தொழு உரம் போட்டேன், மாட்டுக் கோமியம் ஊற்றினேன், வைக்கோல் மூடினேன். பக்கத்தில் மமதாவின் பாத்தியில் கத்தரி இடுப்புயரம் நிற்கிறது. அதே தண்ணீர், அதே வெயில்.

எட்டாம் தேதி மாதா பிறந்தநாள். அன்று ஒவ்வொருவரும் தங்கள் பாத்தியில் விளைந்ததை ஒரு கூடையில் பீடத்துக்கு எடுத்துப்போக வேண்டும். மமதா தன் கத்தரியில் பாதியை என் கூடையில் வைக்க வந்தாள். மதர் கையைப் பிடித்து நிறுத்தினார். "வேணாம்மா. உன் கூடையில இன்னா கீதோ அதையே எடுத்துக்கினு போ" என்றார். திட்டவில்லை, அன்பாகத்தான் சொன்னார். காலிக் கூடையோடு நடந்தேன். எல்லாரும் பார்த்தார்கள். அந்தப் பத்தடி மாதிரி நீளமான தூரத்தை நான் நடந்ததில்லை.

மண்ணைச் சோதிக்கலாமா என்று ஒரு சிஸ்டர் கேட்டார். நான்தான் வேண்டாம் என்றேன். நம் வீட்டு மண்ணை நானே சந்தேகப்படுவதா?

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

ஜெசிந்தா

*

சாம்பியன் ரீப்ஸ்
13 அக்டோபர் 2024

அக்கா,

உன் கடிதம் வந்தது. மாதப் பரீட்சை நடக்கிறது, அதனால் சின்னக் கடிதம்.

கூடை காலியாக இருந்தால் தூக்குவதற்கு லேசாக இருந்திருக்குமே. (இது நல்ல ஜோக் இல்லை என்று எனக்கே தெரிகிறது. அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இரண்டாவது தாள் இல்லை.)

பாத்தியை விட்டுவிடு. வேறு வேலை செய். மாட்டைக் குளிப்பாட்டு.

டாடிக்கு இருமல், வேறு ஒன்றுமில்லை.

ஷெரின்

*

சந்திப்பு மாதா மடம்
24 நவம்பர் 2024

ஷெரின்,

இதை டாடியிடம் நீ படித்துக் காட்டு. நான் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று தீர்மானித்திருக்கிறேன்.

இங்கே யாரும் போகச் சொல்லவில்லை. ஒரு பாத்தியை வைத்து யாரையும் அளப்பதில்லை என்று மதர் பல தடவை சொல்லிவிட்டார். ஆனால் நான் யோசித்துக்கொண்டே இருந்தேன். வேறு எவருடைய மண்ணும் இல்லை, மம்மி தினமும் கையால் துழாவிய மண். போட்டதெல்லாம் மம்மிக்கு முளைத்த மண். அது எனக்கு மட்டும் ஒன்றும் தரமாட்டேன் என்றால், நான் இங்கே இருப்பதில் மம்மிக்கு இஷ்டமில்லை என்றுதானே அர்த்தம்? டாடியையும் உன்னையும் விட்டுவிட்டு வந்ததை அவள் ஏற்கவில்லை. கடவுள் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. மம்மி பேசினால் எனக்குப் புரியும்.

டிசம்பர் எட்டு, அமலோற்பவ மாதா திருநாள். அன்று பூசை முடிந்ததும் மதரிடம் சொல்லிவிடுவேன். கிறிஸ்துமஸுக்கு வீட்டில் இருப்பேன்.

ஜெசிந்தா

*

சாம்பியன் ரீப்ஸ்
1 டிசம்பர் 2024

அக்கா! அக்கா! அக்கா!

நாலு தடவை படித்தேன். வீட்டைப் பெருக்கினேன். உன் கட்டிலில் குவித்திருந்த துணியை மடித்தேன், ஆம், நான், மடித்தேன். குடில் வைக்க நட்சத்திரம் வாங்க வேண்டும். கல்கல் பலகாரத்துக்கு மாவு நீ பிசை, நான் பல்லிடுக்கில் சிக்கும்படி மோசமாகச் சுருட்டுகிறேன். லைனில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். யாரும் நம்பவில்லை. "இன்னாடி, லாரி மாதிரி இதுவும் கதையா?" என்கிறார் காத்தவராயன் தாத்தா.

சீக்கிரம் வா. வேறொன்றும் எழுதத் தெரியவில்லை.

ஷெரின்

*

சாம்பியன் ரீப்ஸ்
6 டிசம்பர் 2024, வெள்ளி

அக்கா,

இதைத் தபாலில் போட்டால் எட்டாம் தேதிக்குள் வராது. எட்மண்ட் மாமா கையில் கொடுத்து அனுப்புகிறேன். நீ மதரிடம் பேசுவதற்கு முன்னால் படி.

நேற்று டாடிக்கு லீவு. உன் கடிதத்தை அவரிடம் கொடுத்தேன். நான் வாயால் சொன்னதோடு சரி, அதுவரை அவர் படிக்கவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, விரலை ஒவ்வொரு வரியிலும் வைத்துப் படித்தார். மம்மிக்கு இஷ்டமில்லை என்று நீ எழுதிய இடத்தில் விரல் நின்றுவிட்டது. எழுந்து பின்பக்கம் போனார். நானும் போனேன். மம்மியின் பாத்தியில் அரைக்கீரை முழங்கால் வரை நிற்கிறது. யாரும் விதைக்கவில்லை, தானாக விழுந்து தானாக வருகிறது. நான் பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றுவதோடு சரி.

டாடி குனிந்து ஒரு கீரையைத் தொட்டார். "இங்க இம்மாம் மொளைச்சிக்கீது. அங்க ஏன் மொளைக்கல? அவளுக்கு அப்படி இன்னா கோவம், பெத்த பொண்ணு மேல?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. மண்ணைப் பார்த்துக் கேட்டார். உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மம்மிக்குக் கோபம் இல்லை அக்கா. அங்கே இருப்பது மம்மியின் மண் இல்லை.

மே முப்பதாம் தேதி, மூன்று மூட்டை எடுத்து வை என்று சொல்லிவிட்டு நீ கோயிலுக்குப் போனாய். நான் மண்வெட்டியோடு மம்மியின் பாத்திக்குப் போனேன். நாலு வெட்டு வெட்டினேன். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு ஒன்று வந்தது, விரல்கடை நீளம். மம்மி களை பிடுங்கும்போது உடைத்திருப்பாள். அதற்கு மேல் என்னால் வெட்ட முடியவில்லை. உன்னையும் கொடுத்துவிட்டு, இதையும் மூட்டை கட்டிக் கொடுக்க வேண்டுமா என்று தோன்றியது. மண்ணைத் திருப்பித் தள்ளி மூடினேன். கோணிகளை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். மூன்று மூட்டையும் புல்கூட முளைக்காத சயனைடு மேட்டு மணல். வெளுப்பு தெரியாமல் இருக்க இடிந்த லைன் வீட்டுச் செங்கல்லை நுணுக்கிக் கலந்தேன். மேலே ஒரு கூடை சாணம். நான் செய்ததிலேயே இதுதான் கெட்டிக்காரக் குறும்பு என்று எனக்குப் பெருமை. ஒரு மாதத்தில், விளையாத சரக்கு என்று உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நாம் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம் என்று நினைத்தேன்.

வீட்டு மண்ணைச் சோதிப்பதில்லை என்று நீ எழுதியபோதே சொல்லியிருக்க வேண்டும். காலிக் கூடையோடு நடந்தாய் என்று எழுதியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால் குறும்பு பலித்துக்கொண்டிருந்தது. போன ஞாயிறு எழுதிய கடிதத்தில் இருந்த சந்தோஷமெல்லாம் நிஜம். அதுதான் அசிங்கம்.

நான் பேசாமல் இருந்தால் நீ வந்துவிடுவாய். எனக்கு அதுதான் வேண்டும், இந்த நிமிஷமும். ஆனால் நீ வந்து, மம்மி வேண்டாமென்று சொன்னாள் என்று நினைத்துக்கொண்டே பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பாய். டாடி அந்தப் பாத்தியைப் பார்க்கமாட்டார். நான் எப்படிச் சோறு தின்பது?

மாமாவின் வண்டியில் மூன்று மூட்டை இருக்கிறது. டாடியிடமும் எல்லாம் சொல்லிவிட்டேன்; அவர் இன்று வேலைக்குப் போகாமல், காலையில் என்னோடு சேர்ந்து வெட்டினார். இது நிஜமான மண். வேண்டுமானால் சோதித்துக்கொள்ளச் சொல்.

ஷெரின்

*

சந்திப்பு மாதா மடம்
29 டிசம்பர் 2024

ஷெரினுக்கு,

மூன்று வாரம் யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

முதலில் மண் பற்றி. உன் கடிதத்தை மதரிடம் படித்துக் காட்டினேன். "இருபது வருஷமா அந்த மேட்டு மண்ணு காத்துல கூட உள்ள வரக்கூடாதுன்னு மரம் நட்டுக்கினு கீறோம். ஒரு பொண்ணு அதை மூட்டை கட்டி, நம்ம வாசல் வழியா, நம்ம கையாலயே இறக்க வெச்சிட்டாளே!" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டு மேசையில் திடீரென்று சிரித்தார். பிறகு, அடுத்த வருஷத்திலிருந்து வீட்டு மண்ணையும் சோதிப்போம் என்றார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. சோதிக்காமல் விடும் அந்த வழக்கம் உன்னால் முடிவுக்கு வந்தது. உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பாத்தியை நானே தோண்டினேன், அடியில் ஒரு சாண் சேர்த்து. மமதா உதவிக்கு வந்தாள், விடவில்லை. இரும்புச் சட்டியில் சுமந்து, மேட்டின் அடிவாரத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன். இரண்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு தடவையும் வாசலில் கால் கழுவினேன்.

இரண்டாவது, உன் மேல் கோபம் பற்றி. இருந்தது. மணலுக்காக இல்லை. கடவுளோ மம்மியோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதி வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கும் எழுதவில்லை. ஒரு வாளித் தண்ணீர், நாலு மணி எழுப்பு மணி, பேச்சில்லாத சாயங்காலம். இங்கேயும் தனிமை இருக்கிறது, நீ மட்டும்தான் என்று நினைக்காதே. பாத்தியைக் காரணம் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம், நானாக முடிவு செய்ய வேண்டியதில்லை என்று இருந்தேன். உன் கடிதம் அந்த வசதியைப் பிடுங்கிவிட்டது. எட்டாம் தேதி போகிறேன் என்றோ இருக்கிறேன் என்றோ மதரிடம் சொல்லவில்லை. பதினைந்து நாள் வெறும் பள்ளத்துக்கு முன்னால் உட்கார்ந்து, யார் பெயரையும் சாக்காக வைக்காமல் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை, இருக்கிறேன் என்று மதரிடம் சொன்னேன். பாத்தி சொன்னதல்ல. நான் சொன்னது.

மே 31 அன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு, துறவற உறுதிமொழி. அன்று வீட்டார் வரலாம். அதற்குப் பிறகு எங்கே அனுப்புவார்கள் என்று தெரியாது. ஜார்க்கண்டில் எங்களுக்கு ஒரு நிலம் இருக்கிறது, இதைவிட மோசமான பாறை என்கிறார்கள்.

மூன்று மூட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மிச்சப் பாத்தியை இங்கே மக்கிய இலை மண்ணால் நிரப்பினேன். இரண்டு மூட்டையை எட்மண்ட் மாமாவிடம் திருப்பி அனுப்புகிறேன். உன் பங்கு ஒன்று, டாடியின் பங்கு ஒன்று. எங்கிருந்து எடுத்தீர்களோ அங்கேயே போடுங்கள்.

அக்கா,
ஜெசிந்தா

*

சாம்பியன் ரீப்ஸ்
12 ஜனவரி 2025, ஞாயிறு

அக்காவுக்கு,

மூட்டைகள் வந்தன. எட்மண்ட் மாமா இறக்கிவிட்டு, "இன்னாம்மா உங்க வூட்ல, மண்ணுக்கே டூர் ஏற்பாடு பண்றீங்களா?" என்றார். நானும் டாடியும் பள்ளத்தை மூடினோம். வேலை முடிந்ததும் டாடி கையைக் கழுவிக்கொண்டே, "ஜார்க்கண்டுக்கு ரயில் எத்தினி மணி நேரம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. இரண்டு ராத்திரி ஆகும் என்று தென்றல் போனில் பார்த்துச் சொன்னாள்.

வார்த்தைப்பாடு என்கிறார்கள். வார்த்தை உனக்கு, பாடு எனக்கு. இதை நினைத்ததும் சிரிப்பு வந்தது. பிறகு வீடு சத்தமில்லாமல் இருந்தது. உன் கட்டிலில் துணியைத் திரும்பக் குவித்துவிட்டேன். வெறுமையாக இருந்தால் பார்க்க முடியவில்லை.

நீ வருவதாகச் சொன்னதை லைனில் யாரும் நம்பவில்லை என்று எழுதினேனே, நீ வரவில்லை என்று சொன்னதை எல்லாரும் உடனே நம்பிவிட்டார்கள்.

மே 31 வருவோம். டாடிக்கு வெள்ளைச் சட்டை எடுத்தாயிற்று. வாசலில் காலைத் தேய்த்துக் கழுவுவேன், விரலிடுக்கு உட்பட. முன்வரிசையில் உட்காருவேன். நீ எழுந்து நின்று உன் வார்த்தையைச் சொல்லும்போது நான் இருமமாட்டேன், தும்மமாட்டேன், டாடியின் போனை ஒலிக்க விடமாட்டேன், மமதாவின் சேலை முனையை நாற்காலியில் கட்டமாட்டேன். ஒன்றுமே செய்யமாட்டேன். உனக்குக் கொடுக்க என்னிடம் வேறு பெரிய பரிசு இல்லை.

அழுதால் மட்டும் பொறுத்துக்கொள். அது குறும்பு இல்லை.

ஷெரின்